டென்னியலின் ஆலிஸ் படங்கள்: கையால் வரைந்த நகல் வாங்கலாமா?

பிப்ரவரி 4, மாலை 6.10 (வாசகர் கேள்வி)

மகளுக்கு ஆறு வயது. ஆலிஸ் கதையை விடவே மாட்டேன் என்கிறாள். பழைய புத்தகத்தில் இருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெரிதாகக் கையால் வரைந்து அவள் அறையில் மாட்ட ஆசை. ஒரு ஓவியர் கேன்வாஸில், எண்ணெய் வண்ணத்தில், நான்கு அடி உயரத்துக்கு, நீல கவுனோடு வரைந்து தருவதாகச் சொல்கிறார். என் தம்பி, "பிரிண்ட் போட்டால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், நகலுக்குப் போய் யாராவது இவ்வளவு கொடுப்பார்களா" என்கிறான். கையால் வரைந்த நகலுக்கு மதிப்பு உண்டா, இல்லையா?

பிப்ரவரி 4, இரவு 9.45

உண்டு. ஆனால் அந்த ஓவியர் சொன்ன கேன்வாஸ், எண்ணெய் வண்ணம், நான்கடி உயரம் மூன்றுமே இந்தப் படங்களுக்கு ஒத்துவராது. நீல கவுனைப் பற்றி அப்புறம் தனியாகச் சொல்கிறேன்.

நான் பல வருடமாகப் புத்தகப் படங்களைத்தான் கையால் நகல் எடுத்து வரைகிறேன். அதிகம் வரைந்தது டென்னியல். ஜான் டென்னியல் 1865இல் வந்த முதல் ஆலிஸ் புத்தகத்துக்கு 42 படங்களும், 1871 கடைசியில் வந்த, ஆலிஸ் கண்ணாடிக்குள் நுழைந்து போகும் கண்ணாடிக் கதைக்கு 50 படங்களும் போட்டார். எல்லாமே மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. தூரிகையை இழுத்து வண்ணத்தைக் குழைக்கும் எண்ணெய் ஓவியத்துக்கும் இவற்றுக்கும் ஒட்டே கிடையாது. இந்தப் படங்களின் உயிர் கோட்டில் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் கோடு தடித்துப்போகும், கேன்வாஸின் நெசவில் பிசிறும். வழுவழுப்பான கெட்டித் தாளில் இண்டியன் இங்க், தேவைப்பட்டால் மெல்லிய நீர்வண்ணம், அதுதான் சரி.

பிப்ரவரி 5, காலை 7.20

நேற்று மரக்கட்டை என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். உங்கள் தம்பியின் கேள்விக்குப் பதிலே அதில்தான் இருக்கிறது. அதனால் விரிவாக.

டென்னியல் முதலில் காகிதத்தில் பென்சிலால் வரைந்து பார்ப்பார். அது சரியாக வந்ததும் ட்ரேசிங் பேப்பர் வழியாகக் கட்டைக்கு மாற்றுவார். கட்டை என்றால் பாக்ஸ்வுட் என்னும் மிகக் கடினமான மரம், குறுக்கே அறுத்து இழைத்த முகம். அதன்மேல் கெட்டியான பென்சிலால் ஒவ்வொரு கோட்டையும் மறுபடி வரைவார். கட்டை அங்கிருந்து டேல்சியல் சகோதரர்களின் பட்டறைக்குப் போகும். அங்கே செதுக்குபவர், கோடு இல்லாத இடத்தையெல்லாம் உளியால் எடுத்துவிடுவார். மேடாக நிற்கும் கோட்டில் மை ஏறும். பள்ளம் வெள்ளையாக விழும். கட்டையில் டென்னியல் கையால் போட்ட பென்சில் கோடு இந்த வேலையிலேயே அழிந்துபோகிறது.

அதோடு முடியவில்லை. கட்டை தேய்ந்துவிடும் என்பதற்காக அதிலிருந்து அச்சு எடுத்து, மின்முலாம் முறையில் செம்புத் தகடு செய்து, அந்தத் தகட்டிலிருந்துதான் புத்தகம் அச்சடித்தார்கள்.

ஆகப் புத்தகத்தில் நாம் பார்க்கும் ஆலிஸ், செம்புத் தகட்டின் அச்சு. அந்தத் தகடு மரக்கட்டையின் நகல். கட்டையைச் செதுக்கியது வேறொருவர் கை. அவர் பின்பற்றிய கோடு, டென்னியல் தன் வரைவைத் தானே நகலெடுத்த கோடு. இதில் எதை மூலம் என்பது? ஆரம்பத்திலிருந்தே கையிலிருந்து கைக்கு மாறி வந்த படம் இது. கவனமாக வரைந்த நகல் அந்த வரிசையில் இன்னொரு கை. அதற்குத்தான் காசு.

என் தாய்மாமா சிறிய அச்சகம் வைத்திருந்தார். திருமணப் பத்திரிகைக்குப் பிள்ளையார், குத்துவிளக்கு எல்லாம் பிளாக்காக அலமாரியில் அடுக்கியிருக்கும். பள்ளி விடுமுறையில் அந்தப் பிளாக்குகளை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பது என் வேலை. எந்த இடம் மேடு, எந்த இடம் பள்ளம் என்று விரலால் தடவிப் பார்த்து வளர்ந்ததால், டென்னியலை முதன்முதலில் பார்த்தபோதே எனக்குக் கோட்டைவிடக் கோட்டுக்கு நடுவில் இருந்த வெள்ளைதான் கண்ணில் பட்டது.

பிப்ரவரி 5, இரவு 10.05

"வெள்ளைதான் கண்ணில் பட்டது என்றால் என்ன அர்த்தம், விளக்குங்கள் அக்கா" என்று கேட்ட இன்னொரு வாசகத் தம்பிக்கு:

பேனாவில் குறுக்குக் கோடு போடும்போது, இந்தப் பக்கம் பத்துக் கோடு, அந்தப் பக்கம் பத்துக் கோடு, வேலை முடிந்தது. கட்டையில் அப்படி முடியாது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மிஞ்சும் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டங்கள் ஒவ்வொன்றையும் உளி முனையால் தோண்டி எடுக்க வேண்டும். அதனால் அந்தக் கட்டங்கள் ஒன்று போல இருக்காது. ஒன்று முக்கோணமாக, ஒன்று சரிவாக, ஒன்று புள்ளியாக இருக்கும். வேகமாகப் பேனா ஓட்டி நகல் எடுத்தால் படம் துறுதுறுப்பாக வரும், ஆனால் அது டென்னியல் புத்தகத்துப் படமாக இருக்காது.

நான் செய்வது: நிழல் அடர்ந்த இடங்களில் முதலில் கறுப்பை நிரப்பி, காய்ந்த பிறகு குவாஷ் என்னும் கெட்டியான நீர்வண்ணத்தில் வெள்ளையைத் தூரிகை நுனியில் தொட்டு ஒவ்வொரு வெள்ளையாக வைப்பேன். முகம், கை, ஏப்ரன் போன்ற வெளிச்சமான இடங்களில் நேராகக் கறுப்புக் கோடு. பேனா வேண்டாம். நல்ல சேபிள் மயிர்த் தூரிகை, மிகச் சிறிய அளவான பூஜ்ஜியம் அல்லது இரட்டைப் பூஜ்ஜியம். செதுக்கிய கோடு நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் கூர்ந்து போகும். சாதாரண டெக்னிக்கல் பேனா ஒரே தடிமனில் ஓடுவதால் அந்தக் கூர்மை வராது.

பிப்ரவரி 7

அளவு பற்றி. புத்தகத்தில் பெரும்பாலான படங்கள் உள்ளங்கைக்குள் அடங்கும். உளியும் கண்ணும் அந்த அளவுக்குத்தான் வேலை செய்திருக்கின்றன. மூன்று மடங்கு வரை பெரிதாக்கினால் கோடு கோடாகவே நிற்கும், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் நிழலாகச் சேரும். நான்கடிக்குப் போனால் நிழல் கலைந்து வேலிக் கம்பிகளாகத் தெரியும். அறைச் சுவர் பெரிதாக இருந்தால் ஒரே படத்தை ஊதிப் பெரிதாக்காமல் நான்கைந்து படங்களைச் சேர்த்து மாட்டுங்கள்.

பிப்ரவரி 7, சற்று நேரம் கழித்து

எந்தப் பதிப்பைப் பார்த்து வரைவது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். மலிவுப் பதிப்புகளில் பல தலைமுறை நகலுக்குப் பிறகு நுண்கோடுகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிட்டன. ஆலிஸின் கன்னத்து நிழல்தான் முதலில் போகும். டென்னியலே அச்சு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர். 1865இல் ஆக்ஸ்போர்டில் அச்சிட்ட முதல் 2000 பிரதிகளில் படங்கள் விழுந்த விதம் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதால், கதையை எழுதிய லூயிஸ் கரோல் அந்தப் பதிப்பையே நிறுத்தி, வேறு அச்சகத்தில் மறுபடி அச்சடித்தார்.

அப்புறம் 1985இல் லண்டனில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் மூல மரக்கட்டைகள் கிடைத்தன. 1988இல் அவற்றிலிருந்தே நேரடியாக 250 தொகுதிகள் அச்சடித்தார்கள். அந்த அச்சுகளின் நல்ல ஸ்கேன் கிடைத்தால் விடாதீர்கள். சாதாரணப் பதிப்பில் ஒரே கறுப்பாகத் தெரியும் இடத்துக்குள் எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று அதில்தான் தெரியும்.

பிப்ரவரி 9

ஒருவர் எழுதியிருக்கிறார்: "ட்ரேசிங் பேப்பர் வைத்து எடுப்பவரெல்லாம் ஓவியரா?"

பிப்ரவரி 5 காலைக் குறிப்பைப் பாருங்கள். டென்னியலே ட்ரேசிங் பேப்பர் வைத்துத்தான் கட்டைக்கு மாற்றினார். எந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்பதை ட்ரேசிங் சொல்லும். எந்த அழுத்தத்தில், எந்த வேகத்தில், எங்கே பருத்து எங்கே மெலிய வேண்டும் என்பது கையின் வேலை. அதை எந்தத் தாளும் சொல்லிக்கொடுக்காது.

பிப்ரவரி 9, இரவு

ட்ரேஸ் எடுக்காமல் கண்பார்வையில் வரைபவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அவர்கள் கை தானாகவே ஆலிஸைத் 'திருத்திவிடும்'. டென்னியலின் ஆலிஸுக்குத் தலை பெரிது, பாதம் சிறிது. கரோலுக்கே அது குறைதான். டென்னியல் மாடல் வைத்து வரைய மறுத்தார் என்றும், கணக்குப் போடும்போது உங்களுக்கு வாய்ப்பாடு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் எனக்கு மாடல் தேவை என்று தன்னிடம் சொன்னார் என்றும் கரோல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கரோல் கணித ஆசிரியர் என்பதை நினைத்துப் பாருங்கள், பதிலின் அழகு புரியும்.

இன்னொன்று. டென்னியலுக்கு இருபது வயதில் கத்திச் சண்டைப் பயிற்சியின்போது ஒரு கண்ணில் அடிபட்டு அந்தப் பார்வை மெல்லப் போய்விட்டது. ஒரு கண்ணோடு, நினைவிலிருந்து, அந்தக் கட்டையின்மேல் அவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறார். எனக்கு அந்தப் பெரிய தலையும் சிறிய பாதமும் ரொம்பப் பிடிக்கும். வளர்வதும் சுருங்குவதுமாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த அளவுதான் பொருத்தம். நகல் எடுப்பவர் அதில் கை வைக்கக் கூடாது.

பிப்ரவரி 12

நீல கவுன் விஷயம். பலர் கேட்டுவிட்டார்கள்.

1865 படங்களில் நிறமே இல்லை. டென்னியல் தானே நிறம் சேர்த்த ஆலிஸ் எது என்றால், சின்னக் குழந்தைகளுக்காகக் கரோல் சுருக்கி எழுதிய நர்சரி ஆலிஸ் புத்தகத்தில் வரும் 20 படங்கள். 1890இல் வந்தது. எட்மண்ட் எவன்ஸ் என்பவர் அச்சிட்டார். அதில் ஆலிஸின் கவுன் மஞ்சள், கட்டியிருக்கும் ரிப்பன் நீலம். முதலில் அச்சான 10,000 பிரதிகளை, நிறம் கண்ணைக் குத்துகிறது என்று கரோல் தள்ளிவிட்டார். அப்புறம் அடக்கமான நிறத்தில் மறுபடி அச்சடித்தார்கள்.

டென்னியலின் படங்களுக்கு நீல கவுன் போட்டவர்களில் முக்கியமானவர் ஹாரி தீக்கர். 1911 பதிப்பில் 16 படங்களுக்கு அவர் நிறம் சேர்த்தார். 1951இல் டிஸ்னி படம் வந்த பிறகு உலகத்துக்கே ஆலிஸ் என்றால் நீலம் என்று ஆகிவிட்டது.

பிப்ரவரி 13

முதல் நாள் நான் எழுதியதைப் படித்தால் இந்தப் படங்களுக்கு நிறம் கிட்டத்தட்ட வேண்டாம் என்பது போலத் தோன்றும். நேற்று மஞ்சள் கவுனைப் பற்றி எழுதிய பிறகு நர்சரி ஆலிஸ் படங்களை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றில் கோட்டை மூடாமல் நிறத்தைத் தட்டையாக, வெளிச்சமாக வைத்திருக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையின் அறைக்கு அது நன்றாகவே இருக்கும். ஒரே நிபந்தனை: அந்த 20இல் ஒன்றை எடுத்தால் மஞ்சளாகவே வையுங்கள். மற்ற 72 படங்களில் நிறம் வேண்டுமென்றால், அது வரைபவரின் சொந்த முடிவு என்று தெரிந்து செய்யுங்கள். நீலமும் ஒரு முடிவுதான். தீக்கர் எடுத்த முடிவு.

பிப்ரவரி 20

"என்ன இருந்தாலும் நகல் நகல்தான், கலை ஆகாது" என்று எழுதியவருக்கு மூன்று நாளாகப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். வின்சென்ட் வான் கோவை நினைத்துக்கொண்டேன்.

1889, 90இல் பிரான்ஸின் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது அவருக்கு எல்லா நேரமும் வெளியே போய் வரைய முடியவில்லை. மாடல்களும் இல்லை. தம்பி தியோ அனுப்பிய கறுப்பு வெள்ளை அச்சுப் படங்களை வைத்துக்கொண்டு எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களிலிருந்து மட்டுமே 20க்கு மேல். அவற்றோடு ஒரு புத்தகப் படமும் இருக்கிறது. குஸ்தாவ் டோரே லண்டனைப் பற்றிய 1872 புத்தகத்துக்குப் போட்ட, சிறை முற்றத்தில் கைதிகள் வட்டமாக நடக்கும் காட்சி. வான் கோ அதை 1890இல் நீலமும் பச்சையுமாக வரைந்தார். இன்று மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் தம்பிக்கு எழுதியதன் சாரம்: ஒருவர் இயற்றிய இசையை இன்னொருவர் வாசிக்கும்போது அதைக் குறைவாக யாரும் பேசுவதில்லை, ஓவியத்தில் மட்டும் ஏன் எல்லாவற்றையும் தானே இயற்ற வேண்டும் என்கிறார்கள்? கறுப்பு வெள்ளைப் படத்தை முன்னால் வைத்து அதன்மேல் நிறத்தைத் தானே கற்பனை செய்து சேர்ப்பதாகச் சொல்கிறார். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். தியாகராஜர் கீர்த்தனையைப் பாடுபவரை நகலெடுப்பவர் என்று யார் சொல்கிறார்கள்?

பிப்ரவரி 21

"அப்படியென்றால் கேன்வாஸும் எண்ணெய் வண்ணமும் சரிதானே, வான் கோ செய்தாரே" என்று உடனே பிடித்துக்கொண்டார்கள். நல்ல பிடி. வான் கோ டோரேயின் கோட்டை விட்டுவிட்டு, அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, தன் தூரிகை வீச்சில் புதிதாகக் கட்டினார். அப்படிக் கட்டத் தெரிந்த ஓவியர் கிடைத்தால் எண்ணெயில் வரையச் சொல்லுங்கள், நான் வந்து பார்த்து மகிழ்வேன். கோட்டையும் வைத்துக்கொண்டு அதை எண்ணெயில் இழுப்பதுதான் இரண்டும் கெட்டானாகப் போகிறது.

மார்ச் 2

கேள்வி கேட்ட அம்மா திரும்ப வந்திருக்கிறார். மகளுக்கு, கண்ணாடிக் கதையில் வரும் ஜாபர்வாக்கி கவிதையின் படம் வேண்டுமாம். அந்தச் சிறகு முளைத்த, நீண்ட கழுத்து ராட்சசன். அறையில் மாட்டினால் இரவில் பயப்படுவாளோ என்று யோசிக்கிறார்.

கரோலுக்கும் இதே கவலை வந்தது. கண்ணாடிக் கதைக்கு அந்தப் படத்தைத்தான் முகப்புப் படமாக வைக்க நினைத்திருந்தார்கள். குழந்தைகள் பயந்துவிடுவார்களோ என்று, அவர் தெரிந்த முப்பது தாய்மார்களுக்குப் படத்தை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். முடிவில் ஜாபர்வாக்கி உள்ளே கவிதையின் பக்கத்துக்குப் போனது, வெள்ளைக் குதிரைவீரன் முகப்புக்கு வந்தார்.

என் யோசனை: மகளையே கேளுங்கள். குழந்தைகளுக்கு ராட்சசனைவிட, அதன் முன்னால் வாளோடு நிற்கும் சின்ன உருவம்தான் முதலில் கண்ணில் படுகிறது என்பது நான் பார்த்தது. பயந்தால் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாமல் கதவுப் பக்கம் மாட்டுங்கள். வரைபவருக்கு ஒரு செய்தி: 92 படங்களில் அதிக நேரம் கேட்கும் படங்களில் இதுவும் ஒன்று. பின்னால் இருக்கும் காட்டு இருட்டு முழுவதும் வெள்ளை தோண்டும் வேலை. விலை பேசும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

மார்ச் 3

குழந்தை அறை என்றதும் நினைவுக்கு வருகிறது. சில படங்கள் இரட்டையாக வேலை செய்பவை. ஆலிஸ் கண்ணாடிக்குள் நுழையும் படமும் மறுபக்கம் வெளிவரும் படமும் புத்தகத்தில் ஒரே தாளின் முன்னும் பின்னுமாக அச்சானவை. பக்கத்தைப் புரட்டும் விரல்தான் ஆலிஸைக் கண்ணாடி வழியாகக் கூட்டிப்போகிறது. இரண்டையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் அந்த வித்தை போய்விடும்.

ஒரு வீட்டுக்கு நான் ஒரே பலகையின் இரண்டு பக்கத்திலும் வரைந்து, கீல் வைத்துச் சுவரில் பொருத்திக் கொடுத்தேன். பிள்ளைகள் அதைத் திறந்து மூடுகிறார்கள். கீல் தளர்ந்தால் இறுக்கிக்கொள்ளலாம், விளிம்பில் மை தேய்ந்தால் தொட்டுக்கொள்ளலாம். பார்க்க மட்டும் வைத்த படத்தைவிட அது எனக்குத் திருப்தி தந்த வேலை.

சிரிக்கும் பூனையும் அப்படியே. மரக்கிளையில் முழுப் பூனை ஒரு படம், மறைந்துகொண்டிருக்கும் பூனை இன்னொரு படம். அந்தக் காலப் பதிப்புகளில் ஒரு தாளைப் புரட்டினால் அதே இடத்தில் பூனை கரைந்திருக்கும்படி அமைத்திருந்தார்கள். இரண்டையும் ஒரே அளவில், கிளை அதே இடத்தில் வரும்படி வரையச் சொல்லுங்கள்.

மார்ச் 10

ராக்காம் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு ஆங்கிலப் புத்தக ஓவியரான ஆர்தர் ராக்காம் முற்றிலும் வேறு வழி. அவர் மரக்கட்டைக்காரர் கிடையாது. மையால் கோடு வரைந்து, அதன்மேல் நீர்வண்ணத்தை அடுக்கடுக்காக, மிக மெல்லியதாகப் பூசினார். 1905, 1906 காலத்தில் மூன்று வண்ண அச்சு முறை வந்துவிட்டதால், ஓவியத்தைக் கேமராவில் எடுத்து அச்சடித்து, தனித் தாளாகப் புத்தகத்தில் ஒட்டினார்கள். மூல ஓவியங்களைத் தனியாகக் கண்காட்சி வைத்து விற்றார்கள். ஆகவே ராக்காமுக்கு மூலம் என்று ஒன்று உண்டு. புத்தகத் தாளில் இருப்பது அதன் மங்கிய நிழல். அந்தப் பழுப்புச் சாயலில் எவ்வளவு ராக்காம் வைத்தது, எவ்வளவு நூறு வருடத் தாள் வைத்தது என்று பிரித்துப் பார்க்காமல் நகல் எடுத்தால் படம் சேற்றில் விழுந்தது போல ஆகிவிடும். மூல ஓவியத்தின் நிழற்படம் கிடைக்காத ராக்காமை நான் வரைவதில்லை.

ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் இன்னும் வேறு. செம்புத் தகட்டில் கவிதையும் படமும் சேர்ந்து அச்சிட்டு, ஒவ்வொரு பிரதிக்கும் அவரும் மனைவி கேத்தரினும் கையால் நிறம் பூசினார்கள். அதனால் ஒரு பிரதி போல இன்னொன்று இருக்காது. அவருடைய புகழ்பெற்ற புலிக் கவிதையோடு வரும் புலியே பிரதிக்குப் பிரதி நிறம் மாறும். பிளேக் நகல் வேண்டுமென்றால் எந்தப் பிரதி என்று சொல்லிக் கேட்க வேண்டும். இதில் பெரிய முன்னோடிகள் இருக்கிறார்கள். 1880களில் இங்கிலாந்தில் வில்லியம் மியூர் பிளேக்கின் நூல்களைக் கையால் நிறம் பூசி நகல் பதிப்புகளாக வெளியிட்டார். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ட்ரையனான் அச்சகம், கொல்லோடைப் என்னும் நுண்மையான புகைப்பட அச்சின்மேல், ஒவ்வொரு நிறத்துக்கும் வெட்டிய ஸ்டென்சில் வழியாகக் கையால் வண்ணம் பூசிப் பதிப்புகள் செய்தது. கையால் செய்த நகலுக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு, அந்தப் பதிப்புகளை ஒருமுறை பார்த்தால் போதும். நூலகங்கள் அவற்றைப் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன.

மார்ச் 15

"மணியத்தின் வந்தியத்தேவன் வரைந்து தருவீர்களா?" எதிர்பார்த்த கேள்வி. கல்கி இதழில் பொன்னியின் செல்வன் 1950இல் தொடங்கியபோது மணியம் போட்ட அந்தக் குதிரையையும் குந்தவையின் கொண்டையையும் வரைந்து பார்க்காத தமிழ் ஓவியர் இருக்க மாட்டார். நானும் பயிற்சிக்காக நிறைய வரைந்திருக்கிறேன். ஆனால் விற்பதில்லை.

காரணம் இதுதான். இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. மணியம் மறைந்தது 1968இல். கையால் வரைந்தது என்பதால் உரிமை இல்லாமல் போகாது. உரிமை உள்ளவர்களிடம் அனுமதி வாங்காமல் நகலை விற்கக் கூடாது. டென்னியல் 1914இல் மறைந்தவர், அங்கே அந்தப் பிரச்சினை இல்லை. டிஸ்னியின் ஆலிஸ் உருவத்தை வரைந்து விற்பது வேறு கதை, அதில் இறங்க வேண்டாம்.

உரிமை முடிந்த படமாக இருந்தாலும், முன்பக்கத்தில் டென்னியலின் பெயரெழுத்துகளைப் பின்னிய முத்திரையை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். பின்பக்கத்தில் யார் படம், எந்தப் பதிப்பைப் பார்த்து, யார், எந்த வருடம் வரைந்தது என்று அழியாத மையில் எழுதச் சொல்லுங்கள். டேல்சியல் சகோதரர்கள் தாங்கள் செதுக்கிய படத்தில் தங்கள் பெயரையும் போட்டார்கள். அது நல்ல பழக்கம்.

மார்ச் 28

பிரேம் பற்றி எழுதாமல் விட்டதால் நாலைந்து பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள்.

நான் கொடுத்த ஒரு படத்தை ஒரு பிரேம் கடையில் பின்னால் ரப்பர் சொல்யூஷன் தடவி ஹார்ட்போர்டில் அப்பி வைத்துவிட்டார்கள். இரண்டு மழைக்காலத்தில் பசை தாளுக்குள் ஊறி, ஆலிஸின் முகத்தில் மஞ்சள் திட்டு. எடுக்கவும் முடியவில்லை. தாள் ஓவியத்தை எதிலும் முழுசாக ஒட்டக் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் கோதுமை மாவுப் பசையும் மெல்லிய தாள் பட்டையும் வைத்துத் தொங்கவிட வேண்டும். கண்ணாடி படத்தைத் தொடாமல் நடுவில் மவுண்ட் போர்டு இருக்கட்டும். அமிலம் இல்லாத போர்டு என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியில் ஒட்டிய தாளில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். குளியலறைக்குப் பின்சுவரில் மாட்டாதீர்கள்.

இண்டியன் இங்க் வெயிலுக்கு அசையாது. நிறங்கள் அப்படி இல்லை. அலிசரின் கிரிம்சன் போன்ற சிவப்புகள் ஜன்னல் வெளிச்சத்திலேயே வெளிறும். மஞ்சளுக்கு ஓக்கர் நம்பகமானது.

மார்ச் 28, இரவு

கையால் வரைந்தது என்று சொல்லி அச்சுக் கேன்வாஸின்மேல் பளபளப்பான ஜெல்லை இழுத்து விற்கிறார்கள் என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். உண்மைதான். நகைக்கடையில் வைத்திருக்கும் சின்ன பூதக்கண்ணாடி ஒன்று போதும். கறுப்புக் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். அச்சு என்றால் ஓரத்தில் பல நிறப் புள்ளிகள் தூவினாற்போலத் தெரியும். வரைந்தது என்றால் மை ஒரே நிறமாக இருக்கும், கோடு முடியும் இடத்தில் தூரிகை கிளம்பியது தெரியும். ஜெல் மேட்டின் திசையும் கீழே இருக்கும் கோட்டின் திசையும் ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள்.

ஏப்ரல் 6

முதல் கேள்வி கேட்ட அம்மாவுக்கு, நீங்கள் அனுப்பிய பட்டியல் நன்றாக இருக்கிறது. பூனை இரண்டு, தேநீர் விருந்து, ஜாபர்வாக்கி. ஓவியரிடம் கொடுக்கும்முன் இரண்டு மாற்றம் செய்யுங்கள். தேநீர் விருந்து நர்சரி ஆலிஸின் வண்ணப் படமாகவே இருக்கட்டும், மஞ்சள் கவுனோடு. மற்ற மூன்றும் கறுப்பு வெள்ளை. தொப்பிக்காரரின் தொப்பியில் செருகியிருக்கும் விலைச் சீட்டில் 10/6 என்ற எழுத்து தெளிவாக வர வேண்டும், பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். அதை வெறும் கிறுக்கலாக விட்டுவிடுவார்கள்.

முன்பணம் கொடுக்கும்முன் பூனையின் முகத்தை மட்டும் உள்ளங்கை அளவில் மாதிரி வரைந்து தரச் சொல்லுங்கள், அதற்குத் தனியாகக் காசு கொடுத்தே. மீசை மயிர் ஒவ்வொன்றும் முனையில் கூர்ந்து முடிகிறதா என்று பாருங்கள். அப்படிக் கூர்ந்து முடிந்தால் நான்கையும் அவரிடமே கொடுக்கலாம்.